அந்தப் பதினொரு விநாடிகள்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைக் குடியிருப்பில், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு ஏழு நாள் தங்கியிருந்தேன். முகாம் என்றால் வழக்கமாக மரக்கன்று நடுவோம், கோயில் வளாகத்தைக் கூட்டுவோம். இந்த முறை, அறுபது வயது தாண்டியவர்கள் தங்கள் கதையைத் தாங்களே கைபேசியில் பதிவு செய்யக் கற்றுக்கொடுப்பது என்று முடிவெடுத்திருந்தோம். சொந்தக் குரல், நாலைந்து புகைப்படம், இரண்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான். 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி போன்றவர்கள் பட்டறை நடத்தி வளர்த்த முறை இது. முதலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதையை வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி உட்கார்ந்து பேசிப் பழகியவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் விரலில் வந்தது. ஒரு பாட்டி சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார், திரை அசையவே இல்லை. மறுபடி அழுத்துகிறார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காய்ப்புக் காய்ச்சி, ஐப்பசிக் குளிரில் வறண்டு கிடந்தன. "எனக்கு இதெல்லாம் வராது கண்ணு" என்று கைபேசியை நீட்டிவிட்டார். எங்கள் மாணவி ஒருத்தி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து அவர் விரல் நுனியில் தேய்த்தாள், அப்போதும் சரியாகப் பிடிக்கவில்லை. அப்புறம் ஈரத்துணியில் விரலை லேசாக ஒற்றி எடுக்கச் சொன்னாள். பொத்தான் அமுங்கியது. அன்றிலிருந்து பட்டறையில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு துணியும் நிரந்தரமாக இருந்தன.

அந்தப் பாட்டி பதினாறு வயதில் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதினார்கள். அந்த எண்ணுக்குள் ஒருவர் இவர். தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பல், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. இவ்வளவும் எனக்குப் பாடமாகத் தெரியும். பாட்டி சொன்னது ஒரு ரயில் நிலையத்தைப் பற்றி மட்டும். தங்கை அங்கேயே தங்கிவிட்டாள். ஜன்னல் வழியாக ஒரு பித்தளைச் சொம்பை நீட்டினாளாம். "அழுகைக் கோச்சின்னு சொல்லுவாங்க தம்பி. ஏறினவங்களும் அழுவாங்க, நின்னவங்களும் அழுவாங்க. கோச்சி நகர்ந்துச்சு..." என்றவர் பேசாமல் இருந்தார். தகரக் கூரையில் மழை.

அன்றிரவு ஒரு மாணவன் ஆசை ஆசையாக அதைத் தொகுத்தான். கைன்மாஸ்டர் என்ற வீடியோ தொகுப்புச் செயலியில் கெட்டிக்காரன். இடைவெளிகளை வெட்டினான், மழைச் சத்தத்தை நீக்கினான், சோகமான புல்லாங்குழல் சேர்த்தான். 'கோச்சி' யாருக்கும் புரியாது என்று திரையில் வரும் எழுத்தில் 'ரயில் பெட்டி' என்று போட்டான். பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னது நான்தான். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

காலையில் பாட்டி காதருகே வைத்து இரண்டு முறை கேட்டார். பக்கத்தில் இருந்த பேரன் எழுத்தை வாசித்துக் காட்டினான். "கோச்சின்னுதானே சொன்னேன்" என்றார் முதலில். அப்புறம், கோபமே இல்லாமல், "அதுக்கப்புறம் நான் கொஞ்சம் சும்மா இருந்தேனே, அது எங்க தம்பி?" என்றார்.

மூலப் பதிவில் பார்த்தோம். பதினொரு விநாடி. அப்படியே திருப்பி வைத்தோம், மழையோடு. கோச்சியும் திரும்பி வந்தது.

அதன்பின் வேலை முறையையே மாற்றினோம். எங்கே வெட்டுவது என்பதைக் கதை சொன்னவர்தான் காட்ட வேண்டும். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். இதனால் வேகம் போயிற்று. ஏழு நாளில் நாலு கதைதான் முடிந்தது. முடித்தவர்களில் ஒரு தாத்தா, யாருக்கும் அனுப்பக்கூடாது என்று சொல்லித் தன் மெமரி கார்டில் மட்டும் போட்டுக்கொண்டு போனார். அறிக்கையில் அந்த எண்ணிக்கை சின்னதாகத் தெரிந்தது. ஆனால் பதினைந்து கதையை நாங்களே தொகுத்துக் கொடுத்திருந்தால், அவை எங்கள் கதைகளாகத்தான் இருந்திருக்கும். மாணவர்களிடமும் இதையேதான் சொன்னேன்.

கடைசி நாள், பாட்டி தன் கதையைத் தங்கையின் பேத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சிக்னலுக்காக ரோட்டோரம் வரை ஏறிப்போய் நின்றோம். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஹட்டனிலிருந்து ஒரு கிழக்குரல்: "அக்கா, சொம்பு நான் குடுக்கல. அம்மாதான் குடுத்துச்சு. நான் எட்டிப் பார்த்தேன், ஆள் மறைச்சுட்டாங்க."

பாட்டி அதை மூன்று முறை கேட்டார். பிறகு ஈரத்துணியை எடுத்து விரலை ஒற்றிக்கொண்டு, பொத்தானைத் தேடினார்.