பதில் சொல்வதற்கு முன் ஒரு சொட்டு இரத்தம்

கோத்தகிரிப் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பசுந்தேயிலைக் கொள்முதல் கணக்கைப் பார்ப்பது என் வேலை. கல்லூரி நாட்களிலேயே டைப் 1 நீரிழிவு வந்துவிட்டதால், அன்று முதல் இன்சுலினை நம்பித்தான் வாழ்கிறேன். வேலை நெருக்கடியும் இந்த நோயும் தனித்தனியே வந்தால் சமாளித்துவிடலாம். இரண்டும் ஒரே நேரத்தில், அதுவும் ஒன்றின் வேடத்தை மற்றொன்று போட்டுக்கொண்டு வரும்போதுதான் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதால், என்னைப் போன்றவர்களுக்காக இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

"டென்ஷன் ஆகாதே, சர்க்கரை ஏறிவிடும்" என்பதுதான் உறவினர்கள் முதல் உடன் வேலை செய்பவர்கள் வரை எல்லோரும் சொல்லும் அறிவுரை. அக்கறையோடு சொல்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் பறித்த இலை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. காலையில் பறித்த கொழுந்து உரிய நேரத்தில் வாடவைக்கும் தொட்டிக்குப் போய்ச் சேராவிட்டால், மூட்டைக்குள்ளேயே சூடேறி, சிவந்து, கெட்டுப்போகும். ஆகவே வரத்து அதிகமாக இருக்கும் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு இலை வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். எடை போடுபவரும் நானும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. இரவு வரைக்கும் ஆலை ஓடும். இந்த வேலையில் இருந்துகொண்டு மன அழுத்தமே இல்லாமல் இருப்பது இயலாத காரியம். அது வரத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, வந்தபின் என்ன செய்வது என்று யோசிப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

மழைக்காலம்தான் மிகவும் கடினமானது. நனைந்த இலையோடு தண்ணீரும் சேர்ந்து எடையாவதால், ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழிப்பது வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் தகராறு. ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்துக்கொண்டு, பறிப்புக் கூலிக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியிருக்கும் ஒரு சிறு விவசாயிக்கு, கழிபடும் ஒவ்வொரு கிலோவும் பெரிதுதான். குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதோ, தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு அறிவிக்கும் சராசரி விலை எவ்வளவு என்பதோ என் கையில் இல்லை. ஆனால் அந்த விலையால் நொந்துபோன மனிதர் வந்து நிற்பது என் ஜன்னலுக்கு முன்னால்தான். அவருடைய கோபம் நியாயமானது என்று தெரிந்தும் அதைத் தாங்கிக்கொள்வது, நியாயமில்லாத கோபத்தைத் தாங்குவதைவிடக் கடினமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் உடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மனம் பதறும்போது அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கின்றன. அவை கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் குளுக்கோஸை இரத்தத்துக்கு அனுப்பச் செய்வதோடு, இன்சுலின் வேலை செய்வதையும் மட்டுப்படுத்துகின்றன. நோயில்லாத உடலில் கணையம் உடனே கூடுதல் இன்சுலினைச் சுரந்து அதைச் சரிக்கட்டிவிடும். டைப் 1 உள்ளவர்களுக்கோ, இன்சுலின் சுரக்க வேண்டிய பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிட்டிருப்பதால், ஏறியது ஏறியபடியே நிற்கும். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், போட்ட இன்சுலினுக்கு ஏற்ற உணவு நேரத்துக்குக் கிடைக்காமல் சர்க்கரை ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போதும், உடல் துணைக்கு அழைப்பது அதே அட்ரினலினைத்தான். அதனால்தான் கை நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும், குளிரிலும் நெற்றி வியர்ப்பதும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கின்றன. சர்க்கரை இறங்கும்போது மூளைக்கும் எரிபொருள் குறைவதால் எரிச்சலும் பிடிவாதமும் கூடவே வரும். எதிரில் நிற்பவர் மேல் வந்த கோபம் என்று நாம் நினைப்பது, மதியச் சோறு தள்ளிப்போனதன் விளைவாகவும் இருக்கலாம்.

ஆகவே நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: படபடப்பு வந்தால், முதலில் சர்க்கரை மீட்டரில் எண்ணைப் பார்க்க வேண்டும், பதில் பிறகு.

ஓர் ஐப்பசி மாலையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். விடாத மழை. வண்டிகள் தாமதமாக வந்ததால் சாப்பாடும் தாமதம். வயதான விவசாயி ஒருவர் எடைச் சீட்டை ஜன்னல் வழியே நீட்டி, "என்னம்மா, என் இலை பூரா தண்ணிதானா? இவ்வளவு கழிச்சா நான் என்னத்தக் கொண்டுபோறது?" என்று குரலை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சீட்டில் இருந்த எழுத்துகள் எனக்குச் சற்று மங்கலாகத் தெரிந்தன. பேனாவைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. கழிவு எல்லோருக்கும் ஒன்றுதான், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்ற சொற்கள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன. "ஐயா, உள்ளே வந்து உட்காருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரின் உள்பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். 58 என்று காட்டியது. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, எடைக்காரரைச் சற்று நேரம் வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுகரா அம்மா? எங்க வீட்டிலயும் ஊசிதான் போடறா" என்றார். கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்தபோது 90ஐத் தாண்டியிருந்தது. அதன் பிறகு அவருடைய சீட்டை நிதானமாகப் பார்த்தால், ஈரத்துக்கான கழிவு இரண்டு தடவை போடப்பட்டிருந்தது. அவர் கேட்டது முழுக்கச் சரி. திருத்திய சீட்டை வாங்கிக்கொண்டு அவர் போனார். அந்தக் கால் மணி நேரம் இல்லாமல் போயிருந்தால் ஓர் ஏழை மனிதர் தனக்குச் சேர வேண்டியதை இழந்திருப்பார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சர்க்கரை குறைந்தால் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 15 கிராம் அளவுக்கு உடனே கரையும் சர்க்கரை, 15 நிமிடக் காத்திருப்பு, மீண்டும் ஒரு சோதனை. பிஸ்கட்டும் சாக்லேட்டும் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் அவசரத்துக்கு உதவா. வேலை இடத்தில் கடினமாக இருப்பது அந்தக் காத்திருப்புதான். வரிசை நிற்கும்போது 15 நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது குற்றம் செய்வதைப் போன்ற உணர்வைத் தரும். அது குற்றமல்ல, அந்த நேரத்தில் போடும் கணக்குத்தான் நம்பத்தகாதது.

எண் மேலே இருந்தால் இன்னும் பொறுமை தேவை. தணிக்கை நடக்கும் நாட்களில் நான் ஒன்றும் அதிகமாகச் சாப்பிடாமலேயே 230, 240 என்று ஏறி நிற்கும். பார்த்தவுடன் அதை இறக்க ஒரு திருத்த ஊசி (கூடுதல் இன்சுலின்), அரை மணி கழித்தும் குறையவில்லையென்றால் இன்னொன்று என்று போடத் தோன்றும். விரைவாக வேலை செய்யும் இன்சுலினே உடலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வரை வேலை செய்துகொண்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டால், வேலை முடிந்து, மனம் அடங்கி, மேட்டில் ஏறி வீட்டுக்கு நடக்கும்போது எல்லாம் சேர்ந்து கீழே இழுத்துவிடும். இந்த மலைச்சரிவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் ஏறுவதே ஒரு உடற்பயிற்சி. ஆகவே மருத்துவர் சொன்ன அளவுக்கு ஒரே ஒரு ஊசி, நிறையத் தண்ணீர், பிறகு காத்திருப்பு, கிளம்புவதற்கு முன் கட்டாயம் ஒரு சோதனை என்று பழக்கிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்து சர்க்கரை தொடர்ந்து 250க்கு மேல் நின்றால் அது வேறு கதை. அப்போது கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) பார்க்க வேண்டும், மருத்துவரை அழைக்க வேண்டும், வேலைக்குப் போகவே கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. சமவெளியில் இருப்பவர்கள் இன்சுலினை வெயிலிலிருந்து காப்பாற்றப் பானைத் தண்ணீரைத் தேடுகிறார்கள். இங்கே டிசம்பர், ஜனவரிப் பனியில் அது உறைந்துவிடாமல் காக்க வேண்டியிருக்கிறது. உறைந்த இன்சுலின் உருகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயனற்றது. இரவில் ஜன்னலோரத்திலும் வண்டிப் பெட்டியிலும் நான் அதை வைப்பதில்லை. மீட்டரும் அப்படித்தான், குளிர் மிகுந்தால் அளக்க மறுத்து வெப்பநிலைக் குறியைக் காட்டும் என்பதால், அது எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கும். விரைத்த விரலில் குத்தினால் இரத்தம் வராது. வெந்நீரில் கையைக் கழுவித் துடைத்து, சிறிது நேரம் கீழே தொங்கவிட்டுக் குத்தினால் ஒரு தடவையிலேயே சொட்டு கிடைத்துவிடும். கழுவுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: விரலில் பழச்சாறோ சர்க்கரையோ ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாக அதிகமான எண்ணைக் காட்டும்.

உடன் வேலை செய்பவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியைப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மேசையில் வைத்து எதையும் உண்ணக் கூடாது என்ற விதி எனக்கும் சேர்த்தே இருந்தது, காரணத்தைச் சொன்னபோது, "அப்படியென்றால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் வலியை மறக்க முடியவில்லை. மறைத்து வைக்க நினைப்பவர்களின் அச்சமும் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இங்கே எடைக்காரருக்கும், ஆலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கும் தெரியும். நான் சம்பந்தமில்லாமல் பேசினாலோ பதில் சொல்லாமல் வெறித்துப் பார்த்தாலோ குளுக்கோஸ் தண்ணீரைக் கையில் கொடுக்க வேண்டும். நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும். இவ்வளவுதான் அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது. டீ மேக்கர் அண்ணா இதைத் தாளில் எழுதி வாங்கி, முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்.

"சுகர்தானே, இப்போது யாருக்கு இல்லை" என்று எளிதாகச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலோருக்கு இருப்பது டைப் 2. அதில் மாத்திரைக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் பெரிய இடம் உண்டு. டைப் 1 இனிப்பு தின்று வருவதல்ல, பாகற்காய்ச் சாற்றால் போவதும் அல்ல. 1922 ஜனவரியில் டொரண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்த நோய் வந்த குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். அந்த ஊசியை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்கு மாறச் சொல்லும் அறிவுரை எவ்வளவு அன்பாக வந்தாலும் நான் கேட்பதாக இல்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வேலைச் சுமைக்கு விடுமுறை உண்டு. இந்த நோய்க்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் குத்த வேண்டும், தூங்குமுன் அளக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் எண் ஏறி நிற்கும் நாளில் வரும் சோர்வு உடற்சோர்வை விட ஆழமானது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை முடிவை மதிப்பெண் பட்டியல் போல வாங்கப் போகிறவர்களை மருத்துவமனையில் பார்க்கிறேன். எண் ஒரு செய்தி மட்டுமே என்று என் மருத்துவர் சொன்னதை நான் பற்றிக்கொண்டிருக்கிறேன். இலை வரத்து மிகுந்த மாதத்தில் என் சராசரி சற்றுக் கூடியிருந்தால், அந்த மாதம் வேலை அப்படி இருந்தது என்றுதான் அதைப் படிக்கிறோம். அடுத்த பருவத்துக்கு என்ன மாற்றலாம் என்று இருவரும் பேசுகிறோம்.

அப்படிப் பேசித்தான் இந்த ஆண்டு நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை வைத்தேன்: வண்டி வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் மதியம் ஒரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் எனக்கு இருபது நிமிடம் வேண்டும். ஒப்புக்கொண்டார்கள், இப்போது எடைக்காரரும் அதே நேரத்தில் சாப்பிடுகிறார். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு மாதத்துக்கான இன்சுலினும் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பும் கூடுதலாக வாங்கி வைத்துவிட வேண்டும். 2009 நவம்பர் மண்சரிவைக் கண்ட ஊர் இது. மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் மருந்துக் கடைக்குச் சரக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் டைப் 1 உள்ள குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகும் பெற்றோர் இதைப் படித்தால், ஐப்பசி பிறக்கும் முன்பே வாங்கி வையுங்கள். ஒரு பகுதியைப் பள்ளியிலும் கொடுத்து வையுங்கள்.