சுவரொட்டியில் பழகிய கை

எலியின் மண்ணீரலை எடுத்துவிட்டு, அதிலிருந்தே சில துண்டுகளைத் திரும்ப அதன் வயிற்றுக்குள் ஒட்டவைப்பது, ஓசூர் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் நான் செய்த வேலை இதுதான்.

தொப்பூர் கணவாயில் பைக்கோடு விழுந்த சித்தப்பா பையனுக்கு மண்ணீரல் கிழிந்து, உயிரைக் காப்பாற்ற அதை முழுசாக எடுத்துவிட்டார்கள். மண்ணீரல் இல்லாத உடம்பில் நிமோகாக்கஸ் மாதிரிக் கிருமி ரத்தத்தில் ஏறினால் ஓரிரு நாளில் ஆளையே கொண்டுபோய்விடும், அதனால் தடுப்பூசி போட்டும் அவன் காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். ஆனால் அடிபட்டுச் சிதறிய மண்ணீரல் துணுக்குகள் சிலருக்கு வயிற்றுக்குள் தானாகவே ஒட்டி வளர்வதுண்டு, 1939-லேயே அதற்கு ஸ்ப்ளினோசிஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தானாக ஒட்டுவதை நாம் ஒட்டவைத்தால் என்ன?

முதலில் விலங்கு நெறிமுறைக் குழு. ஏன் இத்தனை எலி, குறைக்க முடியாதா, வலிக்கு என்ன மருந்து என்று கேட்டுப் படிவத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

முதல் தொகுதி பாழ். குடலுக்கு முன்னால் திரை மாதிரித் தொங்கும் கொழுப்புச் சவ்வுதான் ஓமெண்டம், ரத்தக்குழாய் நிறைய உள்ள இடம். அதை மடித்துத் துண்டுகளை உள்ளே வைத்துத் தைத்தேன், ஆனால் கொஞ்சம் தடிமனாக வெட்டிவிட்டேன். ஒட்டிய துண்டுக்கு முதல் சில நாள் ரத்த ஓட்டமே கிடையாது, சுற்றிக் கசியும் ஆக்சிஜனில்தான் விளிம்பு மட்டும் பிழைக்கும், நடு செத்துப்போகும், அப்புறம் விளிம்பிலிருந்து புதுக் குழாய்கள் உள்ளே இறங்கித் திசு திரும்ப வளர வேண்டும். தடிமன் கூடினால் வளர மிச்சமே இருக்காது.

எலியின் மண்ணீரல் ஒரு கிராம்கூடத் தேறாது, அதில் கை பழக முடியாது. அதனால் வாரக் கடைசியில் பாலக்கோடு வரும்போதெல்லாம் கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கினேன். "வீட்ல யாருக்குத் தம்பி ரத்தம் கம்மி?" என்று பாய் கேட்டார், சிரித்து மழுப்பினேன். பிளேடை அழுத்தினால் கூழாகிவிடும், ஈரப் பிளேடை இழுக்கத்தான் வேண்டும், அது பிடிபட ஒரு மாதம் ஆனது. வெட்டிப் பழகியதையெல்லாம் அம்மா மிளகு போட்டு வறுத்துவிட்டார்.

அடுத்த தொகுதியில் வாராவாரம் வாலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடு. சிவப்பணுக்குள் கரும்புள்ளியாகத் தெரியும் ஹோவெல்-ஜாலி துணுக்குகளைப் பொறுக்கி எடுப்பது மண்ணீரலின் வேலை, அது போனால் அவை பெருகும். துண்டு வைக்காத எலிகளில் புள்ளிகள் அப்படியே நின்றன, வைத்தவற்றில் இரண்டு மாதத்துக்குள் குறைய ஆரம்பித்தன. எண்ணியதையே மூன்று தடவை எண்ணினேன்.

சித்தப்பா கேட்டது ஒன்றுதான், "நம்ம பையனுக்கு இப்ப வைக்க முடியுமா?" அவனுடைய மண்ணீரலில் இருந்துதான் வைக்கவேண்டும், அதுவும் எடுத்த அன்றைக்கே என்றேன். மனிதர்களுக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள் சித்தப்பா, அப்படி வைத்தவர்களும் தடுப்பூசியை விட முடியாது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த ஊசி எப்போது என்று சீட்டைத் தேடினார்.