குக்கர் விசில் கேட்காமல் போன நாள்

அம்மா குக்கர் விசிலை எண்ணி நான் பார்த்ததே இல்லை. ஹாலில் பூ கட்டிக்கொண்டிருப்பாள், வாசலில் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாள், மூன்றாவது விசில் வந்ததும் பேச்சை நிறுத்தாமலே எழுந்துபோய் அடுப்பை அணைப்பாள். போன தை மாதம் ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை வந்த பிறகுதான் அடுப்படிக்கே போனாள்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று கேட்டால் "மாவு அப்பவே ஆட்டியாச்சு" என்பாள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சில் கலந்துகொள்ளாமல் சிரித்த முகமாக இருப்பாள், கொஞ்ச நேரத்தில் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்று அக்கா போனில் அழுதாள். எனக்கும் அதே பயம்தான். அம்மாவுக்கு 74 வயது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், கிட்டத்தட்ட 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்கிற இந்த மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வந்த ஒரு கணக்கைப் படித்துவிட்டு அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மூளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "காது டெஸ்ட் கடைசியா எப்போ எடுத்தீங்க?"

எடுத்ததே இல்லை. கண்ணை வருடா வருடம் காட்டுகிறோம், சர்க்கரையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம், காதை மட்டும் 74 வருடமாக ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. இரண்டு வருடம் முன்பு வேறொரு டாக்டரிடம் காது கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று சொன்னபோது, வயசானா அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார், நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார் (சிலருக்கு அதை எடுத்தாலே சரியாகிவிடுமாம்), பிறகு சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தார்கள். இரண்டு காதிலும் நடுத்தர அளவுக்குக் குறைவு. கோடு இடது பக்கம் ஓரளவு மேலே தொடங்கி வலது பக்கம் போகப் போகச் சறுக்கிக்கொண்டே இறங்கியது. வலது பக்கம் என்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். வயதானால் முதலில் போவது அவைதானாம். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த ஒலிகள், அவை கேட்டுவிடும். ச, த, க, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மை மேல்பக்கம் இருக்கிறது, அது மங்கிவிடும். அதனால்தான் 'மாத்திரை'யில் 'மா' மட்டும் அம்மாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, மீதியை அவள் மூளை தானே நிரப்பியிருக்கிறது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் பிடிபடல" என்று அவள் சொன்னதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நாங்களோ கத்திக்கொண்டிருந்தோம். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், விட்டுப்போன மெய்யொலி திரும்ப வராது.

சரி, இதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லின்னும் அவர் குழுவினரும் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 639 பேருடைய காதை முன்பே அளந்து வைத்து, சுமார் 12 வருடம் தொடர்ந்து பார்த்ததில், லேசான குறைபாடு இருந்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு நன்றாகக் கேட்டவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தரத்துக்கு மூன்று மடங்கு, கடுமையானதற்கு ஐந்து மடங்கு என்று தெரிந்தது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் டிமென்ஷியாவுக்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டபோது, அதிகப் பங்குள்ளவையாக இருந்த இரண்டில் ஒன்று காது, இன்னொன்று கெட்ட கொழுப்பு. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, காற்று மாசு எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. இந்தப் பதினான்கையும் சரிசெய்ய முடிந்தால் உலகத்தில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. ஞாபக சக்தி மாத்திரை விற்கிறவர்கள் யாரும் காது டெஸ்ட் எடுங்கள் என்று விளம்பரம் செய்து நான் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்பதற்கு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். அரைகுறையாக வரும் ஒலியைக் கோத்து வாக்கியமாக்கவே மூளை தன் சக்தியைச் செலவழித்துவிடுகிறது, கேட்டதை ஞாபகத்தில் வைக்க மிச்சம் இருப்பதில்லை. போதிய ஒலி வராமல் போனால் மூளையில் அந்தப் பகுதிகள் சீக்கிரம் சுருங்குகின்றன. மூன்றாவது, ஆள் பேச்சிலிருந்து ஒதுங்கிப்போவது. இந்த மூன்றாவதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

அம்மா பிறந்தது கோவில்பட்டி பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எங்களோடு தமிழ், தன் தங்கையோடு தெலுங்கு. தினம் சாயங்காலம் சின்னம்மாவிடம் அரை மணி நேரமாவது போனில் பேசுவாள். அது எப்போது நின்றது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஒரே மொழி பேசியவர்களைவிட இரண்டு மொழியாவது பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் மூளைக்கு அவள் கொடுத்துவந்த பயிற்சி அந்தத் தெலுங்குப் பேச்சுதான், காது மங்கியதும் அதுவும் நின்றுபோயிருக்கிறது.

காது மெஷின் வைத்தால் டிமென்ஷியா வராது என்று இதைப் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. அமெரிக்காவில் நான்கு ஊர்களில், 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரில் பாதிப் பேருக்கு மெஷினும் பயிற்சியும், மீதிப் பேருக்கு உடல்நல ஆலோசனை மட்டும். மூன்று வருடம் கழித்து மொத்தமாகப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் 238 பேர் ஏற்கெனவே ஓர் இதய ஆய்வில் இருந்தவர்கள், வயது கூடியவர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதிகம் உள்ளவர்கள். அவர்களில் மெஷின் வைத்தவர்களுக்குச் சிந்தனைத் திறன் சரிவது 48 சதவீதம் குறைவாக இருந்தது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்குத்தான் பலன் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது, எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அவளைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கண்புரை ஆபரேஷனுக்கு வேன் ஏறி முகாமுக்குப் போய், பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக வந்த அதே அம்மா, "காதுல மெஷின மாட்டிக்கிட்டு நாலு பேரு முன்னால எப்படிடா நிப்பேன்?" என்றாள். கண்ணாடி போட்டவரை நாம் குருடர் என்பதில்லை. காது மெஷின் வைத்தவரைச் செவிடு என்று சொல்லிவிடுகிறோம், அந்தச் சொல் வசவாகவே புழங்குகிறது. இந்தப் பழக்கம் போக வேண்டும், இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

விலையும் கொஞ்சநஞ்சமில்லை, அக்காவும் நானும் பகிர்ந்துகொண்டோம். முதல் இரண்டு வாரம் பாத்திரச் சத்தம் மண்டையில் அடிக்கிறது, என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தாள். வருடக்கணக்காகக் கேட்காத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக நாளாகும், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள் என்று காதைச் சோதித்து மெஷின் பொருத்துகிற ஆடியாலஜிஸ்ட் சொன்னார். வாங்கியவர்கள் பலர் பீரோவுக்குள் போட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தானாம். நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை வாசித்துக் காட்டினேன்.

போன மாதம் சின்னம்மாவுக்கு அவளே போன் போட்டாள். காதோடு ஒட்டி வைத்தால் மெஷின் கீச்சிடுகிறது, அதனால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு தெலுங்கில் பேச ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. அந்தப் பக்கம் சின்னம்மாதான் ஒவ்வொரு வரிக்கும் "ஏமி? ஏமி?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வருகிற வியாழக்கிழமை சின்னம்மாவைக் கோவில்பட்டியிலிருந்து கூட்டி வரப் போகிறேன், காது டெஸ்டுக்கு நேரம் வாங்கியாகிவிட்டது.