திரும்பி நிற்கும் மேற்கோள்

மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு எழுத்துப் பிழைகூடப் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். மூட வேண்டிய இடத்தில் திறந்துகொண்டு நிற்கும் மேற்கோள் குறியைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாவலில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுகிறார். “நீ அங்கே போகவே—” என்று தட்டிவிட்டு மேற்கோளை மூடப் போனால், வேர்ட் மறுபடி ஒரு திறக்கும் குறியைப் போடும். டேஷுக்குப் பிறகு புதுப் பேச்சுதான் தொடங்கும் என்று அதற்கு நினைப்பு. ’90களில் என்று எழுதினாலும் ‘90களில் என்று திருப்பி வைத்துவிடும். விசை ஒன்றுதானே இருக்கிறது! தட்டச்சுப் பொறியில் இடத்தை மிச்சப்படுத்த இரு பக்கத்துக்கும் பொதுவாக வைத்த நேர்க்குறியைக் கணினியும் அப்படியே வாங்கிக்கொண்டது. எந்தப் பக்கம் என்பது மென்பொருளின் ஊகம்.

நான் ஊகத்துக்கு விடுவதில்லை. விண்டோஸில் ஆங்கில விசைப்பலகைக்கு மாறி, ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி 0147 தட்டினால் “ வரும், 0148 என்றால் ”. ஒற்றைக் குறிகளுக்கு 0145, 0146. நீளமான எம் டேஷுக்கு 0151. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிடக் கூடாது. விட்டால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழைய எழுத்து அட்டவணை விழித்துக்கொள்ளும். வெறும் 147-க்குத் தொப்பி போட்ட பிரெஞ்சு ‘ஓ’ வந்து உட்காரும். எண்களை வலப்பக்க எண் பலகையில்தான் தட்ட வேண்டும், மேல் வரிசை உதவாது. என் மடிக்கணினியில் அந்தப் பலகை இல்லாததால் யுஎஸ்பி பலகை ஒன்று எப்போதும் பையில் இருக்கும்.

வேர்டுக்குள் ’90 சிக்கலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். கன்ட்ரோலுடன் ஒற்றை மேற்கோள் விசையை அழுத்திவிட்டு, அதே விசையைத் தனியாக இன்னொரு முறை தட்டினால் போதும். மேக் வைத்திருப்பவர்களுக்கு எம் டேஷ்கூட ஆப்ஷன், ஷிப்ட், ஹைஃபன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வந்துவிடுகிறது. பொறாமைதான்.

கல்யாணப் பத்திரிகையில் வருடத்தைக் குறிக்க வரும் ௵ குறியைச் சிலர் இன்னமும் படமாக வெட்டி ஒட்டுகிறார்கள். 2003-லேயே அது ஒருங்குறிக்குள் (யூனிகோடுக்குள்) வந்துவிட்டது. வேர்டில் 0, பி, எஃப், 5 என்று ஆங்கிலத்தில் தட்டி, உடனே ஆல்ட்டுடன் எக்ஸ் அழுத்துங்கள். கட்டம் தெரிந்தால் எழுத்துருவை நிர்மலா யுஐ-க்கு மாற்றிப் பாருங்கள்.