வாய்மொழித் தேர்வில் குளிரூட்டும் அமைப்பு: தண்ணீரின் பின்னாலேயே போங்கள்

மெரைன் ஃபிட்டர் (படகு என்ஜின் பழுதுபார்ப்பு) படிக்கும் நம் பக்கத்துத் தம்பிகள் என்ஜின் குளிரூட்டும் அமைப்பின் படத்தை அழகாக வரைந்துவிடுகிறார்கள். "கடல்நீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது?" என்று தேர்வாளர் கேட்டால்தான் வாயடைத்துப் போகிறார்கள். சென்னையில் மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டில் படித்தபோது நான் படத்தை நம்பவில்லை. குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போய்ப் படித்தேன்.

அதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகளின் என்ஜின்கள் பிரித்துக் கிடக்கும். படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே இறங்குங்கள். கடல்நீர் நுழையும் அடிவால்வு, வடிகட்டி, கடல்நீர்ப் பம்பு, என்ஜினைச் சுற்றிவரும் நன்னீரின் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொள்ளும் வெப்பமாற்றி, கடைசியில் புகைக்குழாய் வழியாகவோ தனிக் குழாய் வழியாகவோ வெளியேற்றம். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். சேறும் தாழை என்கிற கடற்புல்லும் பாலித்தீன் பையும் வடிகட்டியில் வந்து அடைக்கும். சூடு ஏறினால் முதலில் எதைப் பார்ப்பாய் என்ற கேள்விக்குப் பாதி விடை இதுதான்.

பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரை, அதாவது நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தை, கையில் வாங்கிப் பாருங்கள். இறக்கை ஒன்று ஒடிந்திருந்தால் புதியதை மாட்டினால் மட்டும் போதாது. ஒடிந்த துண்டு பெரும்பாலும் வெப்பமாற்றிக் குழாய்களின் வாயில் சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்க வேண்டும். துத்தநாகத் தண்டையும் கழற்றிப் பாருங்கள். உப்புநீரின் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு பொத்தல் விழுந்திருக்கும். அது கரையாமல் புதிதாகவே இருந்தால் மகிழாதீர்கள், மின்தொடர்பு விட்டுப்போயிருக்கலாம்.

அடுத்தது, பலரைச் சறுக்கவைக்கும் கேள்வி: "ராமநாதபுரத்தில் உறைபனியே கிடையாது, ஆன்டிஃப்ரீஸ் எதற்கு?" தேவையில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஆன்டிஃப்ரீஸ் என்பது உறைதலைத் தடுக்கும் திரவம், அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அதைச் சரிபாதி கலந்த நீர் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. அது நமக்கு வேண்டாதது. நமக்கு வேண்டியது, அதோடு கலந்து வரும் அரிப்புத் தடுப்பான். கொதிநிலை சில டிகிரி உயர்வது கூடுதல் லாபம். ஆனால் கிளைக்காலுக்குத் தண்ணீரைவிட வெப்பத்தை ஏந்தும் திறன் குறைவு. அளவுக்கு மீறி ஊற்றினால் குளிர்ச்சி குறையும். உறைபனி இல்லாத இடத்தில், என்ஜின் கையேடு அனுமதித்தால், காய்ச்சி வடித்த நீரும் அரிப்புத் தடுப்பானும் போதும். நம் ஊர்க் கிணற்று நீரை ஊற்றலாமா என்று கேட்டால் கூடாது என்றே சொல்லுங்கள். குடத்தின் அடியில் படியும் அதே வெள்ளை, என்ஜினைச் சுற்றி நீர் ஓடும் ஜாக்கெட்டிலும் படியும்.

கூலன்ட், அதாவது இப்படித் தடுப்பான் கலந்த குளிர்விப்பு நீர், இருப்பது மூடிய நன்னீர்ச் சுற்றில் மட்டுமே என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கடல்நீரே நேராக என்ஜினுக்குள் ஓடும் வகையில் அதற்கு இடமில்லை. அங்கே நீரின் வெப்பம் 50, 55 டிகிரியைத் தாண்டினால் உப்புப் படிவு வேகமாகக் கட்டும்.

நடுக்கடலில் சூடு ஏறினால் என்ன செய்வாய் என்பார்கள். வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வெளியேற்றக் குழாயில் நீர் வருகிறதா என்று பார்ப்பேன், வரவில்லையென்றால் என்ஜினை நிறுத்துவேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். சூடாக இருக்கும் நன்னீர்த் தொட்டியின் மூடியைத் திறப்பேன் என்று மட்டும் வாய்தவறியும் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் பாதுகாப்புக் கேள்விகளாகவே இருக்கும்.