கால்மிதியும் குளிகையும்

இரண்டு வருஷமாக நான் கட்டிக் காப்பாற்றி வந்த இரட்டை வேஷம், எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று வாசற்படியிலேயே கலைந்தது. கலைத்தது ஒரு கால்மிதி.

முதலில் ஊர் நிலவரம். நாங்கள் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தின் தென்கோடியில், கெனோஷாவில். சிகாகோவிலிருந்து வருகிற மெட்ரா ரயிலுக்கு இதுதான் கடைசி ஸ்டேஷன். எனக்கு வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், இல்லினாய்ஸில். காரில் சிகாகோ ஒரு மணி நேரம், எங்கள் மாநிலத்திலேயே இருக்கிற கிரீன் பே இரண்டரை மணி நேரம். ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தொங்குவது கிரீன் பே பேக்கர்ஸ் ஃபுட்பால் அணியின் பச்சை மஞ்சள் கொடி. எல்லையைத் தாண்டி ஆபீஸுக்குள் நுழைந்தால் காபி கோப்பை வரைக்கும் சிகாகோ பேர்ஸின் கருநீலமும் ஆரஞ்சும்தான். இந்த இரண்டு அணிக்கும் 1921லிருந்து சண்டை. அமெரிக்க ஃபுட்பாலில் இதைவிட அதிக தடவை மோதிக்கொண்ட ஜோடி கிடையாது. இருநூறு ஆட்டத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அந்த ஆட்டமே சரியாகப் புரியாது. ஆடுகிற நேரத்தைவிடக் கூடிக் கூடிப் பேசுகிற நேரம்தான் அதிகம் என்பது என் கருத்து. ஆனாலும் பிழைக்க வந்த இடத்தில் எதற்கு வம்பு? ஆபீஸில் மேனேஜர் "ஞாயித்துக்கிழமை பார்த்தியா?" என்றால் "நம்ம பேர்ஸ் கொஞ்சம் சொதப்பிட்டாங்க" என்பேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு மேல் தலையை நீட்டினால் "நம்ம பேக்கர்ஸ் பிரமாதம்" என்பேன். எல்லையில் குடியிருப்பவனுக்கு இரண்டு நாக்கு அவசியம்.

வாடகைக்கு இருந்த அதே வீட்டை வாங்கினோம். மன்னார்குடியிலிருந்து மாமாவும் அத்தையும் ஆறு மாத விசாவில் வந்திருந்தார்கள். மாமா வரும்போதே தினசரிக் காலண்டர் அட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தவர். 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, கார்த்திகை 2, காலை முகூர்த்தம் என்று குறித்துவிட்டார். "எல்லாம் பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சிடணும் மாப்ளே. பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை யமகண்டம்."

"அது மன்னார்குடி நேரம் மாமா."

"யமனுக்கு ஏது மாப்ளே டைம் ஸோன்?"

சரி என்று மேனேஜரையும் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டுத் தாத்தாவையும் கூப்பிட்டேன். அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் பேர்ஸும் பேக்கர்ஸும் மோதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு அணிக்கும் ரசிகனாக இருந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மேனேஜர் ஒரு நாள் முன்னாடியே ஆபீஸில் பரிசைக் கொடுத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் நல்ல கனமான கால்மிதி. பச்சை நிறம், நடுவில் பெரிதாக ஒரு ஜி எழுத்து. "உனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லி ஒரு மாதிரி சிரித்தார். பேர்ஸ்காரர் எதற்குப் பேக்கர்ஸ் சின்னம் போட்டதைக் கொடுக்கிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் மனைவி அதைக் கால்மிதி எங்கே போடவேண்டுமோ அங்கே போட்டாள். மாக்கோலத்துக்கு ஒரு சாண் தள்ளி, வாசலில்.

காலை பால் பொங்கியது, ஹோமம் முடிந்தது. பசுமாட்டுக்குப் பதில் பித்தளைப் பசு. நம்பர் பிளேட்டிலேயே 'அமெரிக்காவின் பால்பண்ணை நாடு' என்று எழுதி வைத்திருக்கிற மாநிலத்தில் பித்தளைப் பசுவா என்று மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பதினொன்றரைக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தா. எழுபத்தைந்து வயசு இருக்கும், வலது முழங்காலில் கோளாறு, பேக்கர்ஸ் பனியன், கையில் சீஸ் பொட்டலம். வாசலில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். "வாங்க, உள்ள வாங்க" என்கிறேன். அசையவில்லை. ஒரு காலைத் தூக்கினார், அந்தரத்தில் நிறுத்தினார், திரும்பக் கீழே வைத்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கோளாறு காலை முன்னால் வீசி, கால்மிதியை ஒரே தாண்டாகத் தாண்ட முயன்றார். முக்கால் தாண்டுதான் முடிந்தது. குதிகால் மாக்கோலத்தில் போய் நின்றது. "மன்னிக்கணும். அதை என்னால மிதிக்க முடியாது" என்றார்.

அவருக்குப் பின்னாலேயே வந்த மேனேஜர் அந்த ஜியின் மேல் ஏறி நின்று, இரண்டு ஷூவையும் நிதானமாக, நான்கு நான்கு தரம் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். "போட்டுட்டியா! நான் சொல்லல, இவன் நம்ம ஆளு!"

தாத்தா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. இந்தப் பக்கத்து மனுஷர்கள் சத்தம் போடமாட்டார்கள். "ஓ... அப்படியா" என்று மட்டும் சொல்வார்கள். அதற்கு நாலு அறை தேவலை.

காப்பாற்றியது மாமாதான். இங்கிலீஷ் பாதி புரியாவிட்டாலும் விஷயம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. போய்க் கால்மிதியைக் கையில் எடுத்தார், தூசியைத் தட்டினார், கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரோரம் நிமிர்த்தி வைத்தார். "எழுத்து இருக்குல்ல, கால் படலாமா?" தாத்தா முகம் அப்படியே தெளிந்தது. அன்று முழுக்க மாமாவைவிட்டு அவர் நகரவில்லை. என்னிடம் பேசவும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் மெதுவாக டிவி எங்கே என்று கேட்டார்கள். டிவி இன்னும் அட்டைப்பெட்டியில் இருந்தது. பிரிக்கப் போனேன். மாமா கையைப் பிடித்துவிட்டார். "யமகண்டத்துல புதுப் பொருளைப் பிரிக்கிறதா? ஒன்றரை ஆகட்டும்." மொழிபெயர்த்துச் சொன்னேன். மதச் சடங்கு என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு பேரும் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார்கள். செல்போன் மட்டும் இரண்டு பேர் மடியிலும் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. தாத்தா பனியனுக்குள் சிரித்தால் மேனேஜர் வடையை வெறிப்பார். மேனேஜர் வாயோரம் அசைந்தால் தாத்தா ரசத்துக்குள் பார்ப்பார்.

சாப்பாட்டில் பேச்சு வளர்ந்தது. நான் துபாஷி.

"பேக்கர்ஸுன்னா வீட்டுச் சாமான் ஏத்தி இறக்குவாங்களே, அவங்களா?" என்றார் மாமா.

இல்லை, 1919ல் கர்லி லம்போ என்ற பையன் அணி ஆரம்பித்தபோது, அவன் வேலை பார்த்த இந்தியன் பேக்கிங் கம்பெனி சட்டைக்குக் காசு கொடுத்தது, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று தாத்தா விளக்கினார். என்ன பேக்கிங்? இறைச்சியை டப்பாவில் அடைப்பது. மாமா கை சாம்பாரில் நின்றது. "அப்ப கரடிக்காரங்க?" பேர்ஸ் ஆரம்பத்தில் டிகேட்டர் என்ற ஊரில் ஒரு ஸ்டார்ச் கம்பெனியின் அணி, சோளத்திலிருந்து மாவு எடுப்பவர்கள், ஸ்டேலிஸ் என்று பெயர், 1922ல்தான் பேர்ஸ் ஆனது என்றார் மேனேஜர். 1921ல் நடந்த முதல் மோதலில் ஸ்டேலிஸ்தான் 20-0 என்று ஜெயித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். "ஒரு பக்கம் கறி, ஒரு பக்கம் கஞ்சி மாவு. நாம சைவம் மாப்ளே. நியாயமாப் பார்த்தா மாவுக்காரங்க பக்கம்தான் நிக்கணும்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

தாத்தா தன் வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற பேக்கர்ஸ் பங்குப் பத்திரத்தைப் பற்றி ஆரம்பித்தார். அந்த அணிக்கு முதலாளி கிடையாது, ஜனங்கள்தான் சொந்தக்காரர்கள், 5 லட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள். 2011ல் 250 டாலர் கொடுத்து ஒரு பங்கு வாங்கினாராம். லாபம் வருமா? வராது. விற்கலாமா? முடியாது. டிக்கெட்டாவது தருவார்களா? மாட்டார்கள். சீசன் டிக்கெட்டுக்கு வரிசையில் லட்சம் பேருக்கு மேல் காத்திருக்கிறார்கள். பேத்தி பிறந்த வாரமே அவள் பெயரை எழுதி வைத்துவிட்டாராம். அவள் காலேஜ் முடிப்பதற்குள் வந்தால் அதிர்ஷ்டம்.

ஊரிலேயே கணக்குப்பிள்ளை மாதிரி மாமா. காசு கொடுத்து எதுவும் வராத இடத்தை அவர் ஏற்கவே மாட்டார் என்று நினைத்தேன். "புரியுது, புரியுது. தலைக்கட்டு வரி" என்றார். ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கிறோமே, லாபமா கேட்கிறோம்? வரி கொடுத்தவனுக்குத்தான் வடம் பிடிக்க உரிமை. இதை மொழிபெயர்க்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. தாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய சொந்த மருமகனே அந்தப் பங்கை வெறும் காகித அட்டை என்றுதான் சொல்வானாம்.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் மைதானத்தைக் கட்டவே எங்கள் ஆள் வந்து ஓட்டுக் கேட்டார், தெரியுமா என்றார். அதுவும் உண்மைதான். 1956ல் கிரீன் பேயில் புது மைதானத்துக்கு ஊர் வாக்கெடுப்பு நடந்தபோது, பேர்ஸின் முதலாளி ஜார்ஜ் ஹாலஸே அந்த ஊருக்கு வந்து ஆதரவாகப் பேசினார். மைதானம் வந்தது. 1957ல் திறப்பு ஆட்டம் பேர்ஸோடு. 21-17, பேக்கர்ஸ் ஜெயித்தது. மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பங்காளிங்க" என்றார். அதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறதா என்ன?

2021ல், அப்போது பேக்கர்ஸில் ஆடிய ஆரன் ராட்ஜர்ஸ் சோல்ஜர் ஃபீல்டிலேயே நின்று, சிகாகோ ஜனங்களைப் பார்த்து "இன்னும் நீங்க என் சொத்துதான்" என்கிற மாதிரி கத்தினதைத் தாத்தா நடித்துக் காட்டினார். "பட்டா யார் பேர்ல இருக்காம்?" என்றார் மாமா. இதற்கு மேனேஜர் சிரித்த சிரிப்பில் பாயசம் மூக்கில் ஏறிவிட்டது.

மணி ஒன்றரை. அந்த டிவிப் பெட்டி பிரிந்த வேகத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கத்திரிக்கோல் கேட்டு நான் திரும்புவதற்குள் தெர்மகோல் பறக்கிறது. எல்லைத் தகராறு எல்லாம் மறந்து, ஆளுக்கு ஒரு முனை தூக்கி, ஹோமம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்தார்கள். தாத்தா முழங்கால் வலியை மறந்து வீட்டுக்கு ஓடி, கொம்பு வைத்த ஆன்டெனா ஒன்றைக் கொண்டுவந்தார். படம் வந்தது.

நடுவில் நடந்ததெல்லாம் எனக்குத் தெளிவில்லை. ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கையில் பேக்கர்ஸ் 20, பேர்ஸ் 19. அங்கிருந்து பேர்ஸின் புதுப்பையன் கேலப் வில்லியம்ஸ் அடிமேல் அடிவைத்துப் பந்தைக் கொண்டுவந்துவிட்டான். கடைசி மூன்று விநாடி. 46 கெஜத்திலிருந்து கைரோ சான்டோஸ் உதைக்க வேண்டும். கம்பத்துக்கு நடுவில் போனால் பேர்ஸ் ஜெயித்தது.

"இந்த ஆள் இவ்வளவு நேரம் எங்கே இருந்தான்?" என்றார் மாமா. உதைக்க மட்டும் வருவான் என்றேன். "கல்யாணத்துல தாலி கட்டறப்ப மட்டும் வர்ற மாப்பிள்ளையா?"

மேனேஜர் டபரா டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டார். தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். உதைத்தான். பந்து கிளம்பின இடத்திலேயே கார்ல் பிரூக்ஸ் என்கிற பேக்கர்ஸ்காரனின் கை நடுவில் வந்தது. பந்து சொத்தென்று விழுந்தது. தாத்தா குதித்தார், நிஜமாகவே இரண்டு காலும் தரையைவிட்டு எழும்பியது. மேனேஜர் குதிக்கவில்லை, ஆனால் அவர் கை குதித்தது. காபி முழுக்க அந்தப் பச்சைக் கால்மிதியின் மேல்.

பேக்கர்ஸிடம் பேர்ஸ் வாங்கிய தொடர்ச்சியான 11வது தோல்வி அது.

யாரும் பேசவில்லை. மாமா சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "மணி மூணு ஆயிடுச்சே மாப்ளே. ஞாயித்துக்கிழமை மூணுலேர்ந்து குளிகை. குளிகையில எது நடந்தாலும் திரும்பத் திரும்ப நடக்கும்." அந்தக் கடிகாரம் ஐந்து நிமிஷம் வேகம் என்பதை நான் சொல்லவில்லை. மொழிபெயர்த்ததும் தாத்தா மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜர் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, குளிகை என்பதை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிச் செல்போனில் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த மோதல் 2025 ஜனவரி 5, அதுவும் ஞாயிறு, அதுவும் மதியம், கிரீன் பேயில். தாத்தா மாமாவைத் தன் வீட்டுக்கே அழைத்தார். நான் ஒட்டிக்கொண்டு போனேன். காபிக் கறையோடு அந்தக் கால்மிதி அவர் வீட்டுச் சுவரில், பங்குப் பத்திரத்துக்குக் கீழே மாட்டியிருந்தது. ராசியாம்.

மறுபடியும் கடைசி விநாடி. பேக்கர்ஸ் 22, பேர்ஸ் 21. மறுபடியும் அதே சான்டோஸ். இந்தத் தடவை 51 கெஜம். தாத்தா கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு மாமாவைப் பார்க்கிறார், இவர்தான் வாக்குக் கொடுத்திருக்கிறாரே. உதைத்தான். எந்தக் கையும் குறுக்கே வரவில்லை. பந்து நடுவில் போய்விட்டது. 24-22.

தாத்தா திரும்பவே இல்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவோ ஒரு சிப்ஸைக் கடித்தபடி, "நான் அன்னைக்கே சொன்னேனே, திரும்ப நடக்கும்னு. கடைசி உதைன்னுதான் சொன்னேன், எந்தப் பக்கம் போகும்னா சொன்னேன்?" என்றார். இதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் மேனேஜர் என் மேஜைக்கே வந்தார். "உன் மாமனார் விசா எப்போ முடியுது? நீட்டிக்க லெட்டர் ஏதாவது வேணுமா?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினேன். வேலிக்கு மேல் தலை நீண்டது. நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக, தாத்தா என்னிடம் நேரடியாகப் பேசினார்.

"உங்க மாமனார் ஊருக்கு எப்போ கிளம்புறார்?"