கடலை எதிர்த்து நிற்கும் நன்னீர்

வைகையில் வெள்ளம் வந்து யானைக்கல் தரைப்பாலத்தைத் தொட்டுவிட்டால், மதுரையின் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான்: "இவ்வளவு தண்ணியும் வீணாக் கடலுக்குப் போகுதே!" நானும் பல ஆண்டுகள் அப்படிப் பேசியவன்தான். ராமநாதபுரம் கடலோரத்தில், அழகன்குளத்துக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்காவின் வீட்டுக் கிணற்றைக் கவனித்த பிறகுதான் அந்தப் பேச்சை விட்டேன்.

அந்த வீட்டுக் கொல்லையில் மணலில் பன்னிரண்டு அடிக்கு உறை இறக்கிய பழைய கிணறு ஒன்று உண்டு. இருபது தப்படி தள்ளி, மச்சான் கடன் வாங்கிப் போட்ட ஆழ்துளைக் கிணறு. உறைக்கிணற்று நீரில் பருப்பு மலர வேகும். ஆழ்துளை நீரோ முதல் கோடைவரை நன்றாக இருந்து, பிறகு மெல்லக் கரிக்கத் தொடங்கியது. சோப்பு நுரைக்கவில்லை, குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு படிந்தது, தென்னங்கன்றுகளின் ஓலை நுனி தீய்ந்தது. "ஆழமாப் போனா நல்ல தண்ணி கிடைக்கும்னாங்க மாப்ளே" என்றார் மச்சான்.

மதுரைக்காரர்களுக்கும் ஆழத்தின்மேல்தான் நம்பிக்கை. பாறையில் நூற்றுக்கணக்கான அடி இறங்கியே பழகியவர்கள் நாங்கள். கடலோர மணலில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கே மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து கிடக்கிறது. ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ என்றால், கடல்நீர் அதைவிட ஏறத்தாழ 25 கிராம் கூடுதல். இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து பிறந்த கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர்வரை நன்னீர் இருக்கும். மேலே அரை மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்புநீர் 20 மீட்டர் ஏறிவிடும். இடையில் களிமண் அடுக்குகள் இருந்தால் கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. ஆனால் மோட்டார் ஓரிடத்தில் விடாமல் இழுக்கும்போது, அதற்கு நேர்கீழே உப்புநீர் கூம்பாக எழுந்து வருவதை மச்சானின் கொல்லையிலேயே பார்த்தாயிற்று.

கெடுவதற்கு அதிகம் வேண்டியதில்லை. பதினைந்து லிட்டர் குடத்தில் அரை லிட்டருக்கும் குறைவான கடல்நீர் கலந்தாலே, லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடிவிடும். குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு இந்தியத் தரநிலை விரும்பும் அளவோ 500 மில்லிகிராம்தான். ஒருமுறை உப்பேறிய மணலைக் கழுவித் தருவது மழையின் வேலை, அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் வயலுக்கும் ஆலைகளுக்கும் நகருக்கும் இறைத்து இறைத்துக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்த கதை நமக்குப் பாடமாகவே இருக்கிறது. அதே சமயம், ராமநாதபுரத்து உப்பு முழுவதற்கும் இன்றைய கடலைப் பழிசொல்வது நியாயமில்லை. பழங்காலத்துக் கடல் படிவங்களில் தங்கிவிட்ட உப்பும் அங்கே நிறைய உண்டு.

மச்சான் இப்போது ஆழ்துளையை மூடிவிட்டார். உறைக்கிணற்றில் சிறிய மோட்டாரைக் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரமே ஓட்டுகிறார். தோட்டத்துக்கென்று தொலைவில் இன்னோர் ஆழமில்லாத கிணறு தோண்டி, இறைப்பைப் பிரித்துக்கொண்டார். கூரைநீரைச் சரளைக்கல் நிரப்பிய குழிவழியே மணலில் இறக்குகிறார். 2003-இல் மாநிலமெங்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, மதுரையில் பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் செருகிவைத்தவன் நான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு வீட்டுக் கூரை கடலைத் தடுத்துவிடாது. ஊருணிகளும் கண்மாய்களும் தூர்வாரப்பட்டு நிறைய வேண்டும், மணல்மேடுகளை அள்ளாமல் விடவேண்டும். வைகை நீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சம்தான் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே கடலைச் சேர்கிறது. வழியெல்லாம் அது மண்ணில் இறங்கி, உப்புநீரை முட்டித் தள்ளிக்கொண்டு நிற்கிறது. வீண் என்று நாங்கள் சொன்ன தண்ணீர் செய்யும் வேலை இது.

சென்ற முறை தரைப்பாலம் மூழ்கியபோது மச்சானுக்குப் போன் போட்டேன்.

"கண்மாய்க்குத் தண்ணி வந்துருச்சா மச்சான்?"

"இன்னும் வரல மாப்ளே. பரமக்குடி தாண்டிருச்சாம்."